அடகு வாங்கக் கூடாத கல்: விவிலியக் காலச் சிற்றூர் மகளிரின் அன்றாட வாழ்வு



இராசிபுரம், ஆட்டையாம்பட்டி, மல்லசமுத்திரம், திருச்செங்கோடு எனச் சேலம் நாமக்கல் சமவெளியின் எந்தப் பகுதிக்குச் சென்றாலும், பழைய வீடுகள் சிலவற்றின் புறக்கடையில் வட்டமான ஒரு கல் கிடப்பதைக் காணலாம். நடுவில் துளையோ முளை இருந்த அடையாளமோ இருக்கும். கோழிக்குஞ்சுகளைக் கவிழ்த்து மூடிய கூடையின் மேல் அது பாரமாக ஏறியிருக்கலாம். துணி துவைக்கும் இடத்தில் கால் கழுவும் கல்லாகியிருக்கலாம். ராகியும் கம்பும் சோளமும் அரைபட்ட திரிகையின் ஒரு பாதி அது. மற்றொரு பாதி எங்கே போயிற்று என்று கேட்டால் வீட்டாருக்கே விடை தெரிவதில்லை. அரைவை மில் வந்த பிறகு அதைத் தேடவேண்டிய தேவையும் இல்லாது போயிற்று.

இத்தகைய கல்லைக் குறித்து ஒரு சட்டம் உண்டு. விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில், உபாகமம் 24ஆம் அதிகாரத்தில் அது இடம்பெற்றுள்ளது. கடன் கொடுத்தவன் அரைக்கும் கல்லையோ அதன் மேற்கல்லையோ அடகாக வாங்கலாகாது. அவ்வாறு வாங்குவது ஓர் உயிரையே அடகாக வாங்குவதற்கு ஒப்பாகும் என்பது அச்சட்டத்தின் கருத்து. ஏழையின் போர்வையை அடகு வாங்கினால்கூடப் பொழுது சாய்வதற்குள் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று அதே அதிகாரம் விதிக்கிறது. போர்வையைப் பகலில் வைத்துக்கொள்ளலாம். கல்லைத் தொடவே கூடாது.

கல்லில் உயிர் எவ்வாறு வந்தது? தானியத்தைக் குதிரில் மாதக்கணக்கில் வைக்கலாம். மாவை வைக்க இயலாது. வண்டு விழும், காறல் அடிக்கும். எனவே அன்றன்று உண்பதை அன்றன்று அரைத்தாக வேண்டும். மேற்கல் ஒன்று வீட்டைவிட்டுப் போனால், குதிர் நிறைய வாற்கோதுமை இருந்தாலும் மாலையில் அப்பம் இல்லை. கடன் கொடுத்தவனுக்கு இது நன்கு தெரியும். ஆதலால்தான் கல்லைத் தூக்கிச் சென்றால் கடன் விரைவில் வசூலாகும் என்றும் அவன் கணக்கிட்டிருப்பான். சட்டம் அந்தக் கணக்கைத் தடுத்தது. ஆனால் அந்தக் கல்லின் முன் நாள்தோறும் மண்டியிட்டவள் யார் என்பதைச் சட்டம் கூறவில்லை. கூறவேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. கேட்ட அனைவருக்கும் அது தெரிந்திருந்தது.

விவிலியக் காலச் சிற்றூர் மகளிரை ஆராய்வோர் முதலில் எதிர்கொள்ளும் இடர் இதுவே. பழைய ஏற்பாட்டு நூல்கள் அரசர்களையும் இறைவாக்கினர்களையும் போர்களையும் விரித்துரைக்கின்றன. அவற்றை எழுதித் தொகுத்தோர் பெரும்பாலும் ஆடவர். நகரையும் கோயிலையும் சார்ந்தோர். உழுகுடிப் பெண்கள் அவற்றில் போகிற போக்கில்தான் வருகிறார்கள்: ஒரு சட்டத்தின் ஓரத்தில், ஒரு சாபத்தின் நடுவில், ஓர் உவமையில். அவற்றைப் பொறுக்கிச் சேர்த்து, அகழாய்வில் வெளிப்பட்ட அரைகற்களோடும் அடுப்புகளோடும் தறிக்குண்டுகளோடும் பொருத்திப் பார்க்கும் முயற்சி இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வலுப்பெற்றது. அமெரிக்க அறிஞர் கேரல் மேயர்ஸ் 1988இல் ஏவாளை மையமாக்கி எழுதிய நூலும், அதனை விரித்துத் திருத்தி 2013இல் வெளியிட்ட நூலும் இத்துறையில் குறிப்பிடத்தக்கவை. கி.மு. 1200ஐ ஒட்டிப் பாலஸ்தீன மலைநாட்டில் எழுந்த சிற்றூர்களில் வீடே உழவுக்கூடம், வீடே தொழிற்கூடம். உணவை ஆக்கிப் பங்கிட்டவளுக்கு அந்த வீட்டில் சொல் இருந்தது. ஆணாதிக்கச் சமூகம் என்ற ஒரு சொல்லைக் கொண்டு அவள் வாழ்வு முழுவதையும் அளந்துவிட இயலாது என்பது அவர் வாதம். இவ்வாதத்தை ஏற்பதா என்பதைப் பின்னர்ப் பார்க்கலாம்.

இந்த ஆராய்ச்சியில் சேலம் நாமக்கல் வட்டாரத்து வாசகருக்கு ஒரு வசதி உண்டு. மேலைநாட்டு உரையாசிரியர் பல பக்கங்களில் விளக்கவேண்டியவற்றை இங்குள்ள வயது முதிர்ந்த ஒரு பெண்மணி ஒரு தலையசைப்பில் புரிந்துகொள்வார். அன்றைய இஸ்ரவேலர் வீடு பெரும்பாலும் நான்கு பகுதிகளைக் கொண்டது. தூண் வரிசையால் பிரிக்கப்பட்ட கீழ்த்தளத்தில் ஆடுமாடுகள் கட்டப்பட்டன, நடுவே வாசல், பின்னால் தானியம் வைக்கும் அறை, மேலே மொட்டைமாடி. எரிகோ நகரத்து ராகாப் ஒற்றர்களை ஒளித்துவைத்தது மாடியில் உலரப் போட்டிருந்த சணல்தட்டைகளுக்குள்தான் என்று யோசுவாவின் நூல் கூறுகிறது. கட்டுத்தரையும் களமும் குதிரும் வீட்டோடு ஒன்றாக இருந்த பண்ணை வீட்டைக் கண்டவர்க்கு இந்த அமைப்பில் புதுமை எதுவும் இல்லை.

ஆண்டின் ஓட்டமும் அவ்வாறே. கேசேர் என்னும் இடத்தில் 1908இல் மெக்காலிஸ்டர் அகழ்ந்தெடுத்த சிறு சுண்ணாம்புக் கல் ஒன்று, கி.மு. பத்தாம் நூற்றாண்டைச் சார்ந்தது, இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் உள்ளது. விளைவு சேர்ப்பது, விதைப்பது, பின்விதைப்பு, சணல் அறுப்பது, வாற்கோதுமை அறுப்பது, கொடிமுந்திரி பேணுவது, கோடைக் கனி பறிப்பது என்று மாதங்களை வேலைகளாலேயே அது எண்ணுகிறது. ஆடிப் பட்டம், தைப் பட்டம் என்று காலத்தை வேலையால் அளந்தவர்களுக்கு அந்தக் கல்லைப் படிக்க அகராதி வேண்டியதில்லை. ஆனால் அரைப்பதற்கென்று அதில் மாதம் இல்லை. எல்லா மாதமும் அதற்கு உரியதே.

அரைவைக் கல்லைப் பற்றி இன்னும் சற்று விரித்துரைக்க வேண்டும். ஏனெனில் தமிழ் வாசகர் ஒரு சிறு பிழைக்கு ஆளாகக்கூடும். தமிழ் விவிலியத்தில் திரிகை என்றும் ஏந்திரம் என்றும் சொற்கள் ஆளப்பட்டுள்ளன. அவற்றைக் கண்டதும் இரு வட்டக் கற்களும் ஒரு கைப்பிடியும் மனத்தில் தோன்றும். இயேசுநாதர் காலத்து வீடுகளைப் பொறுத்தவரை அந்தக் காட்சி பெரிதும் தவறன்று. ஆனால் ரூத்தும் அன்னாளும் வாழ்ந்ததாகக் கூறப்படும் காலத்தில் சுழலும் கல் அந்நாட்டில் வழக்கத்திற்கு வரவில்லை. அவர்களுடைய கல் அம்மியை ஒத்தது: நீண்ட அடிக்கல், அதன்மேல் முன்னும் பின்னும் தள்ளும் ஒரு சிறு கல். கருங்கல் வகையைச் சார்ந்த எரிமலைக் கல் கிடைத்தால் அதையே விரும்பினர். அதன் சொரசொரப்பு எளிதில் தேய்வதில்லை. எபிரேய மொழியில் மேற்கல்லுக்குப் பெயர் ‘ரெகேவ்’. ஏறிச் செல்வது என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. தேருக்கும் அதுவே பெயர். தமிழிலோ அம்மியின் மேற்கல் ‘குழவி’. எபிரேயப் பெண் கல்லின்மேல் தேரோட்டினாள். தமிழ்ப் பெண் கல்லின்மேல் குழந்தையை உருட்டினாள். எந்தப் பெயர் பொருத்தமானது என்பதைக் கவிஞர்களின் முடிவுக்கே விட்டுவிடலாம்.

அளவு என்ன? ஆறு பேர் கொண்ட குடும்பத்திற்கு வேண்டிய மாவை அரைக்க நாள்தோறும் இரண்டு மணி முதல் மூன்று மணி நேரம் வரை ஆகும் என்பது மேயர்ஸ் போன்றோர் கொண்ட மதிப்பீடு. அரைப்பதற்கு முன்னர்ப் புடைப்பதும் ஊறவைப்பதும், அரைத்த பின்னர்ச் சலிப்பதும் பிசைவதும் சுடுவதும் தனி. அதன் விலையை எலும்பு சொல்கிறது. சிரியாவின் அபு ஹுரைரா என்னும் இடத்தில், விவிலியக் காலத்திற்கும் பல்லாயிரம் ஆண்டுகள் முற்பட்ட முதல் உழவர்களின் எலும்புக்கூடுகளை ஆராய்ந்த தேயா மோலசன், பெண்களின் கால் பெருவிரல் மூட்டும் முழங்காலும் முதுகெலும்பின் அடிப்பகுதியும் தேய்ந்து சிதைந்திருப்பதைக் கண்டு 1994இல் எழுதினார். விரல்களை மடித்து மண்டியிட்டு, உடம்பை முன்னே தள்ளித் தள்ளி அரைத்ததன் தழும்புகள் அவை. கல் மாறாத வரையில் அந்த வலியும் மாறியிருக்க வழியில்லை.

இங்கே கவிஞர்களோடு ஒரு சிறு வழக்கு உண்டு. திரிகை நின்ற பிறகு திரிகையின் ஓசையைப் பற்றிய கவிதைகள் பெருகின. பாட்டியின் கல், அம்மாவின் உலக்கை, விடியற்காலையில் எழும் இசை என்று அவை நெகிழ்கின்றன. அந்த இசையைப் போர்வைக்குள் இருந்து கேட்டவர் ஒருவர். எழுந்து உட்கார்ந்து எழுப்பியவர் வேறொருவர். 2011இல் தமிழ்நாடு அரசு விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் வழங்கத் தொடங்கியபோது, கல்லின் இசை போயிற்றே என்று வருந்தியவர்களில் அரைத்த கைகள் எத்தனை இருந்திருக்கும்?

பழைய ஏற்பாட்டில் இந்த ஏக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் அது வேறு வகையானது. எரேமியா தம் நாட்டிற்கு வரப்போகும் அழிவைக் கூறும்போது, மணமகன் மணமகளின் குரல், அரைகல்லின் ஓசை, விளக்கின் வெளிச்சம் ஆகிய மூன்றும் அற்றுப்போகும் என்கிறார். அரைகல் ஓய்ந்த ஊர் ஆளற்ற ஊர். மணக்குரலையும் கல்லோசையையும் அவர் ஒரே மூச்சில் சேர்த்தது, மணமகள் அம்மி மிதிக்கும் சடங்கைக் கண்டவர்க்கு வியப்பளிக்காது.

அந்த வேலை இழிவானதாகவும் கருதப்பட்டது. யாத்திராகமத்தில் எகிப்தின் சமூகப் படியில் மேல் எல்லை அரியணையில் அமர்ந்த பார்வோன். கீழ் எல்லை அரைகல்லின் பின்னால் இருக்கும் அடிமைப்பெண். சிம்சோனைக் கண்பிடுங்கிச் சிறைப்படுத்திய பெலிஸ்தர் அவனை மாவரைக்க வைத்தனர். வீரனைப் பெண்ணின் வேலையில் அமர்த்துவதே அவமானத்தின் எல்லை. ஆனால் அதே கல் ஒருநாள் அரசியலைத் தீர்த்தது. தேபேசு என்னும் ஊரை அபிமெலேக்கு முற்றுகையிட்டுக் கோபுர வாயிலைத் தீயிட நெருங்கியபோது, மேலிருந்த ஒருத்தி அரைகல்லின் மேற்கல்லைத் தூக்கி அவன் தலையில் போட்டாள். மண்டை உடைந்தது. ஒரு பெண் கொன்றாள் என்ற பேச்சு வரலாகாது என்று அஞ்சித் தன் ஆயுதக்காரனையே குத்திவிடச் சொல்லி அவன் இறந்தான். பயனில்லை. தாவீதின் காலத்திலும் படைத்தலைவன் யோவாபு அந்நிகழ்ச்சியைப் பெண் கொன்ற கதையாகவே நினைவுகூர்கிறான். ஓடும்போதும் மேற்கல்லைக் கையோடு கொண்டு கோபுரம் ஏறிய அந்தப் பெண்ணின் பெயர் மட்டும் கிடைக்கவில்லை.

அப்பம் சுடும் அடுப்புக்குத் ‘தன்னூர்’ என்று பெயர். இன்று நெடுஞ்சாலை உணவகங்களில் வழங்கும் தந்தூர் அதன் உறவுச் சொல்லே. களிமண்ணால் உருளையாகச் செய்து, உட்சுவரில் அப்பத்தை ஒட்டிச் சுடுவர். பஞ்சத்தைப் பற்றிய ஒரு சாபத்தில், பத்துப் பெண்கள் ஒரே அடுப்பில் அப்பம் சுடும் நிலை வரும் என்று லேவியராகமம் கூறுகிறது. சாபத்தைத் திருப்பிப் படித்தால் வாழ்வு தெரிகிறது: மாவு உள்ள காலத்தில் பத்துப் பேருக்கு ஓர் அடுப்பு போதாது, இரண்டு மூன்று வீட்டார் கூடிச் சுட்டிருப்பார்கள், கூடிப் பேசியிருப்பார்கள். எசேக்கியேல் நூல் மாட்டுச் சாணத்தை எரித்து அப்பம் சுடுவதைக் குறிப்பிடும் இடம் உரையாசிரியர்களைச் சங்கடப்படுத்தியிருக்கிறது. சுவரில் வறட்டி தட்டிய ஊர்களில் அந்த இடத்திற்கு உரை வேண்டுவதில்லை.

நீர் இறைப்பது பெண்ணின் வேலை. மலைமேல் ஊரும் அடிவாரத்தில் ஊற்றும் இருந்தமையால் குடத்தோடு ஏறிவர வேண்டும். பாறையைக் குடைந்து சாந்து பூசிய மழைநீர்த் தொட்டிகளை வீடுகளில் அமைத்தது ஓரளவு சுமையைக் குறைத்தது. சவுல் கழுதைகளைத் தேடிச் சென்றபோது ஊருக்கு ஏறும் வழியில் அவனுக்கு வழி சொன்னவர்கள் நீர் மொள்ள வந்த இளம்பெண்கள். ஊர்ச் செய்தி முழுவதும் அவர்களிடம் இருந்தது. ரெபெக்காள் பத்து ஒட்டகங்களுக்கு நீர் வார்த்ததை அவளுடைய இரக்கத்திற்குச் சான்றாக எடுத்துரைப்பர். சேந்துகிணற்றில் நீர் சேந்தியவர்கள் அதை உடல்வலுவின் சான்றாகவும் கொள்வர். தாகமெடுத்த ஓர் ஒட்டகம் குடிக்கும் நீர் ஒரு குடத்தில் அடங்குவதன்று. மீதியானில் ஏழு சகோதரிகள் ஆடுகளுக்கு நீர் நிரப்பியதும் மேய்ப்பர்கள் வந்து அவர்களை விரட்டினர் என்னும் செய்தியும் அதே நூல்களில் உண்டு. கிணற்றடியில் காதலை மட்டும் காண்பவர்கள் அந்த இடத்தையும் படிக்க வேண்டும்.

ரூத்தின் கதைக்கு வருவோம். தரங்கம்பாடியில் தமிழ் விவிலியப் பணியைத் தொடங்கிய சீகன்பால்கு 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சேற்றி முடித்தார். பழைய ஏற்பாட்டில் ரூத்தின் நூல்வரை மொழிபெயர்த்த நிலையில் 1719இல் மறைந்தார். அவர் கை நின்ற இடம் ஒரு கைம்பெண் கதிர் பொறுக்கும் கதை.

பஞ்சத்தால் மோவாபுக்குச் சென்ற நகோமி, கணவனையும் இரு மகன்களையும் அங்கே இழந்து, மருமகள் ரூத்தோடு பெத்லகேமுக்குத் திரும்புகிறாள். வாற்கோதுமை அறுவடை தொடங்கும் காலம். நிலத்தின் ஓரத்தை முற்ற அறுக்கலாகாது, சிந்திய கதிரைத் திரும்பப் பொறுக்கலாகாது, மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பலாகாது. அவை ஏழைக்கும் அயலானுக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் கைம்பெண்ணுக்கும் உரியவை என்பது லேவியராகமமும் உபாகமமும் வகுத்த முறை. ரூத் அயலாள், கைம்பெண், ஏழை. மூன்று வகையிலும் அவளுக்கு உரிமை உண்டு. ஆயினும் யாருடைய கண்ணில் தயவு கிடைக்குமோ அவர் பின்னே சென்று பொறுக்குவேன் என்றுதான் புறப்படுகிறாள். ஏட்டில் உள்ள உரிமை வயல் வரப்பில் தயவாக மாறிவிடுவதை இந்த ஓர் இடம் காட்டிவிடுகிறது.

நிலக்கடலை பிடுங்கிய காட்டில், களைக்கொத்தோடு பெண்களும் பிள்ளைகளும் இறங்கி மண்ணுக்குள் தங்கிய கடலையைக் கிளறிப் பொறுக்குவதைச் சேலம் நாமக்கல் பகுதியினர் அறிவர். அதற்கு இங்கே எழுதப்பட்ட சட்டம் இல்லை. நிலத்துக்காரர் மனம் வைத்தால் உண்டு. கொடுப்பவர் முகத்தைப் பார்த்துக் காட்டில் இறங்குவது எத்தகையது என்பது பொறுக்கப் போனவர்களுக்குத் தெரியும். நிலம் உடையவர்கள் அதை எழுதியதில்லை.

வயலில் இன்னோர் அச்சமும் இருந்தது. நிலத்துக்காரனான போவாஸ் தன் வேலையாட்களிடம் ரூத்தைத் தொடக் கூடாது என்று கட்டளையிடுகிறான். வேறு வயலுக்குப் போனால் உனக்குத் தீங்கு நேரலாம் என்று நகோமியும் எச்சரிக்கிறாள். இனிய முல்லைப்பாட்டுப் போலப் போற்றப்படும் கதையின் நடுவே இந்த இரு எச்சரிக்கைகளும் அமைதியாக இருக்கின்றன. தனித்த பெண் வயலில் இறங்கினால் என்ன நேரும் என்பது அந்த ஊரில் அனைவரும் அறிந்தது. தாகமெடுத்தால் ஆண்கள் மொண்டு வைத்த நீரைக் குடி என்றும் போவாஸ் சொல்கிறான். பெண்ணுக்காக ஆண்கள் நீர் மொண்ட அரிய இடம் அது.

மாலையில் பொறுக்கியதைத் தட்டி அளந்தபோது ஓர் ஏப்பா அளவு வாற்கோதுமை இருந்தது. ஏறத்தாழ 22 லிட்டர். படியாலும் வள்ளத்தாலும் அளந்து பழகியவர்கள் ஒருநாள் பொறுக்கலுக்கு அது மிக அதிகம் என்பதை உடனே உணர்வர். அறுப்பவர்கள் வேண்டுமென்றே கதிரைச் சிந்திச் சென்றிருந்தனர். இதைவிட நுட்பமானது இன்னொன்று: நண்பகலில் வயலில் கொடுத்த வறுத்த தானியத்தை ரூத் உண்டாள், நிறைந்தாள், மிச்சம் வைத்தாள், அந்த மிச்சத்தை மாலையில் எடுத்து மாமியாருக்குக் கொடுத்தாள். கூலி வேலைக்குச் சென்ற பெண் மடியில் முடிந்துவரும் பொட்டலத்தைக் கண்டவர்க்கு அந்தக் காட்சி மறப்பதில்லை. ரூத்தின் நூலை எழுதியவர் பெண்ணாக இருக்கலாம் என்று சிலர் கருதுவதற்கு வேறு காரணங்கள் கூறப்படுகின்றன. இந்த மிச்சத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நூற்பதையும் நெய்வதையும் குறித்துச் சுருங்கச் சொன்னால் போதும். ஆட்டு மயிரும் சணலும் கதிரில் நூலாயின. வாசலில் நிறுத்திய தறியில் பாவு நூல்கள் களிமண் குண்டுகளால் இழுத்துப் பிடிக்கப்பட்டன. அந்தக் குண்டுகள் அகழாய்வுகளில் ஏராளமாகக் கிடைத்துள்ளன. இளம்பிள்ளையிலும் அம்மாபேட்டையிலும் தறியில் ஆண் அமர, தார் சுற்றுவது பெண்ணின் பங்காக நெடுங்காலம் இருந்தது; அங்கோ சிற்றூர் வீட்டில் தறியும் பெண்ணுடையதே. நீதிமொழிகளின் இறுதி அதிகாரம் புகழும் இல்லாளின் விளக்கு இரவிலும் அணைவதில்லை. பல நூற்றாண்டுகள் கழிந்து புறநானூறு காட்டும் பருத்திப் பெண்ணுக்கும் இரவில் ஒரு சிறு விளக்கு உண்டு. ஆனால் இருவரையும் ஒன்றாக்கிவிடலாகாது. எபிரேய நெடுங்கணக்கின் இருபத்திரண்டு எழுத்துகளும் வரிசையாகத் தொடங்க, வருக்கக் கோவை போல அமைந்த அப்பாடலின் தலைவி நிலம் வாங்குகிறாள், பணிப்பெண்களுக்கு வேலை பகிர்கிறாள். செல்வக் குடும்பத்தின் தலைவி அவள். அவளைக் காட்டி எல்லாப் பெண்களும் அவ்வாறு வாழ்ந்தனர் என்பது பொருந்தாது. புதுப்பாளையத்தில் 1925இல் இராஜாஜி தொடங்கிய காந்தி ஆசிரமத்திற்கு மழை பொய்த்த ஊர்களிலிருந்து நூற்ற நூலைக் கொண்டுவந்த திருச்செங்கோட்டு வட்டாரப் பெண்கள் புறநானூற்றுப் பெண்ணுக்கே நெருங்கியவர்கள். அவர்களுக்கு நூல் கஞ்சியாயிற்று.

இத்துறையில் மிக நுண்ணிய செய்தி அன்னாளிடம் உள்ளது. நேர்ந்துகொண்டபடி மகன் சாமுவேலைச் சிறு வயதிலேயே கோயிலில் விட்டுவிட்ட அவள், ஆண்டுதோறும் ஒரு சிறு அங்கியைத் தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பிள்ளையை ஆண்டுக்கு ஒருமுறை காண்பவள் இடையில் அவன் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று எண்ணியே அளவெடுத்திருக்க வேண்டும்.

பேறு பார்த்த பெண்களைப் பற்றிய செய்தியை இந்த மண்ணில் நின்று எளிதாகக் கடந்துவிட இயலாது. எபிரேயரின் ஆண் குழந்தைகளைப் பிறக்கும்போதே கொன்றுவிடவும் பெண் குழந்தைகளை உயிரோடு விடவும் எகிப்திய மன்னன் இரு மருத்துவச்சிகளுக்கு ஆணையிடுகிறான். அவர்கள் பணியவில்லை, நாங்கள் போவதற்குள் எபிரேயப் பெண்கள் பெற்றுவிடுகிறார்கள் என்று சாக்குச் சொல்கிறார்கள். சிப்பிராள், பூவாள் என அவ்விருவரின் பெயரையும் யாத்திராகமம் பதிவு செய்தது. அந்த மன்னன் பெயரை அது சொல்லவே இல்லை. பார்வோன் என்பது பட்டம். 1992இல் தமிழ்நாடு அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதன்முதலில் சேலத்தில்தான் தொடங்க வேண்டியிருந்தது. இங்கே எந்த மன்னனும் ஆணையிடவில்லை. ஆணை வீட்டுக்குள்ளிருந்தே வந்தது; பெண் குழந்தைக்கு எதிராக வந்தது. அந்த ஆணையைக் கேட்டும் கேளாதவராய்க் குழந்தையைத் துணியில் சுற்றித் தொட்டிலில் சேர்த்த கைகளும் இருந்திருக்க வேண்டும். அவற்றுக்குரிய பெயர்களை எந்த ஏடும் எழுதவில்லை.

சொத்தைப் பொறுத்தவரை மகன் இல்லாத செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள் மோசேயின் முன் நின்று தந்தையின் பங்கைக் கேட்டுப் பெற்ற செய்தி எண்ணாகமத்தில் உள்ளது. பின்னர் குலத்து ஆடவர் வந்து முறையிட, தம் குலத்திற்குள்ளேயே மணக்க வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. 1989இல் தமிழ்நாடு திருத்தச் சட்டம் மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்கு தந்தபோது, அதற்கு முன் மணமானவளுக்கு இல்லை என்ற வரம்பு அதில் இருந்தது. காடு வெளியே போகக் கூடாது என்ற அச்சம் மூவாயிரம் ஆண்டுகளில் பெரிதாக மாறவில்லை போலும்.

இனி மேயர்சின் வாதம். உணவைக் கையில் வைத்திருந்தவளுக்கு வீட்டில் சொல் இருந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. குதிரின் கணக்கும் சாவியும் மாமியாரிடம் இருந்த கொங்கு வீடுகளை நினைத்தால் அது நன்கு விளங்கும். ஆனால் அந்தச் சொல் மருமகளுக்கு எப்போது வந்தது, கைம்பெண்ணுக்கு எத்தனை நாள் நின்றது, கூலிக்கு வந்தவளுக்கு என்றேனும் வந்ததா என்று கேட்டால் வாதம் தளர்கிறது. கடனுக்காக இரு மகன்களை அடிமைகளாக்கக் கடன்காரன் வந்து நிற்கிறான் என்று எலிசாவிடம் கதறிய கைம்பெண்ணின் வீட்டில் மிஞ்சியிருந்தது ஒரு குடம் எண்ணெய். கல்லை அடகு வாங்கக் கூடாது என்ற சட்டம் பிள்ளைகளைக் காக்கவில்லை.

இறுதியாகப் பாட்டு. இந்த அவைக்கு அதுவே நெருங்கிய பொருள். விவிலியப் பெண்கள் எழுத்தில் இல்லாவிடினும் பாட்டில் இருந்தனர். வெற்றி வந்தால் கைப்பறை கொட்டி எதிர்கொண்டு பாடியவர்கள் அவர்களே. பழைய ஏற்பாட்டின் மிகப் பழைய பாடல்களுள் ஒன்றாகக் கருதப்படுவது தெபொராளின் பெயரால் வழங்கும் வெற்றிப்பாட்டு. அதன் முடிவில், தோற்று இறந்த பகைத்தலைவன் சிசெராவின் தாய் பலகணியில் நின்று, தேர் ஏன் இன்னும் வரவில்லை என்று காத்திருக்கும் காட்சி வருகிறது. பகைவனுக்கும் தாய் உண்டு என்று காட்டிவிட்டு, அடுத்த அடியிலேயே, கொள்ளையைப் பங்கிட நேரமாகிறது, ஆளுக்கு ஓரிரு பெண்கள் கிடைத்திருப்பர் என்று அத்தாயைத் தேற்றிக்கொள்ள வைக்கிறது அப்பாட்டு. ஒருத்தியின் காத்திருப்பையும் அவளது கொடுமையையும் ஒருங்கே பாடிய துணிவு அது.

ஒப்பாரியும் அவர்களுடையதே. அழுகையில் தேர்ந்த பெண்களை அழைத்து வரச் சொல்லும் எரேமியா, அப்பெண்கள் தம் மகள்களுக்குப் புலம்பலையும், ஒருத்தி தன் தோழிக்கு இரங்கற்பாட்டையும் கற்பிக்க வேண்டும் என்கிறார். அதற்குக் கற்பிக்கும் முறை இருந்தது, வழிவழியாக வந்தது என்பதற்கு இது சான்று. சேலம் நாமக்கல் ஊர்களில் இழவு வீட்டின் வாசலில் பெண்கள் தோளோடு தோள் சேர்த்து வட்டமாக அமர்ந்து, ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர் வாங்கிப் பாடும் முறை இன்னும் முற்றிலும் அற்றுவிடவில்லை. ஆனால் எடுத்துக்கொடுப்பவர் அறுபதைக் கடந்தவராக இருக்கிறார். பல வீடுகளில் ஒலிபெருக்கியோடு கூலிக்குப் பாடுவோர் வந்துவிட்டனர். இலக்கிய வட்டத்தின் உறுப்பினர் ஒவ்வொருவர் வீட்டிலும், அல்லது அடுத்த தெருவிலும், இரண்டு மூன்று ஒப்பாரியாவது அறிந்த ஒரு முதியவர் இருப்பார். அவர் பாடுவதைப் பெயரோடும் ஊரோடும் எழுதிக்கொள்ள ஒரு பிற்பகல் போதும்.

யெப்தா என்னும் தலைவன் போரில் வென்றால், தன் வீட்டு வாசலில் முதலில் எதிர்ப்படுவதைப் பலியாகத் தருவதாக நேர்ந்துகொண்டான். பறை கொட்டிக்கொண்டு எதிரே வந்தவள் அவனுடைய ஒரே மகள். இரண்டு மாதம் தோழியரோடு மலைகளில் அழுதுவிட்டு வந்து அவள் மடிந்தாள். அதன் பிறகு இஸ்ரவேலின் பெண்கள் ஆண்டுதோறும் நான்கு நாள் கூடி அவளுக்காகப் பாடினர் என்று நியாயாதிபதிகளின் நூல் கூறுகிறது. அந்த நான்கு நாள் பாட்டில் ஓரடியும் நமக்கு வந்து சேரவில்லை. தந்தையின் பெயர் இருக்கிறது. மகளின் பெயரை எழுதியவர் இல்லை.